ஈசிஜி படிக்க எங்கே போவது?

கேள்வி: அஞ்செட்டி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர் நான். மருத்துவர்கள் தொடர்ந்து படிப்பதற்கான கிரெடிட் மணி 5 ஆண்டுக்குள் 30 சேர்க்க வேண்டும் என்பதால் சேலம், சென்னை என்று இதயநோய்க் கருத்தரங்குகளுக்குப் போகிறேன். அங்கே பேசுவதெல்லாம் புது ஸ்டென்ட், வால்வு மாற்றுவது. எங்களிடம் இருப்பதோ ஒரு ஈசிஜி மெஷின். எனக்கு வேண்டியதை எங்கே படிப்பது?

பதில்: டாக்டரம்மா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. கருத்தரங்கை விட்டுவிடாதீர்கள். ஆனால் தர்மபுரியில் பல காலம் நெஞ்சுவலி கேஸ்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் மேலே அனுப்பிவைக்கும் நோயாளிகளின் ஈசிஜிதான் உங்களுக்கான பாடம். பெயரை மறைத்துவிட்டுப் போனில் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தாள் நாளாக ஆக மங்கிவிடும். அப்புறம், சேர்த்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, ஆஞ்சியோவில் எந்தக் குழாய் அடைத்திருந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்டால் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே பழகிவிடுங்கள். இதயத்தின் அடிப்பகுதியைக் காட்டும் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி கோடு தூக்கியிருந்தால் (அங்கே மாரடைப்புக்கான அடையாளம் அது) வி4 லீடை வலது பக்கம் மாற்றி ஒட்டி இன்னொரு ஈசிஜி எடுங்கள். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பிபியைக் கிடுகிடுவென இறக்கிவிடும்.

நெஞ்சுவலி என்று வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஆனால் ராத்திரியில் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டு வருபவரை முதலில் பார்ப்பது ஸ்டாஃப் நர்ஸ்தானே? அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே படியுங்கள். ரொம்ப நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சு வாங்கலுமாக வரலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாரடைப்பு நோயாளிக்கு மேலே அனுப்பும் முன்பே கொடுக்க, 2023-இல் வந்த தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தின் 14 மாத்திரைகளை (ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8) எடுத்துக் கொடுக்கப்போவதும் பெரும்பாலும் அவர்தான். ரத்தக்கசிவு, ஆஸ்பிரின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டே கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மலைப்பாதையில் 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் போய்ச் சேர முடியுமா என்று 108 ஓட்டுநரிடம் இன்றே கேளுங்கள். முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அருகில் எங்கே போடுகிறார்கள் என்று விசாரித்து, அந்த நம்பரைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.