சூத்திரம் எல்லாம் மனப்பாடம், ஆனாலும் மேல்நிலை இயற்பியல் தேர்வில் கணக்கு வரவில்லை. எப்படித் தயாராவது?

பாடவாரியாகப் பயிற்சி செய்தால் கணக்கு வருகிறது, எல்லாப் பாடமும் கலந்த மாதிரித் தேர்வில் கை ஓடவில்லை, தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். இந்த வகுப்புக்குப் பல வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் புலம்பலைக் கேட்காத வருடமே இல்லை.

காரணம் ஒன்றும் பெரிதில்லை. ‘உந்த அழிவின்மை’ (வெளிவிசை இல்லாதபோது உந்தம், அதாவது நிறை × திசைவேகம், மாறாது என்ற விதி) என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் இருக்கும் கணக்குக்கு எந்த விதி என்பதைத் தலைப்பே காட்டிக் கொடுத்துவிடுகிறது. நீங்கள் எண்களைப் போட்டு விடை எடுக்கிறீர்கள், அவ்வளவுதான். தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. எந்த விதி, ஏன் அந்த விதி என்று நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு நீங்கள் இதுவரை பயிற்சியே எடுக்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 கிராம் நிறையுள்ள தோட்டா விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக வந்து, கயிற்றில் தொங்கும் 1.99 கிலோ மரக்கட்டைக்குள் புதைந்துவிடுகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? தோட்டாவின் இயக்க ஆற்றல் 800 ஜூல். அதை அப்படியே நிலை ஆற்றலுக்குச் சமப்படுத்தி, 41 மீட்டர் என்று எழுதுகிறவர்கள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். ஒரு தோட்டா பட்டு இரண்டு கிலோ கட்டை பத்து மாடிக்கு மேல் பறக்கிறது! எழுதியவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

சரியான வழி இரண்டு கட்டமாகப் போகும். தோட்டா புதையும் அந்தச் சின்ன நேரத்தில் கயிற்றின் இழுவிசையும் புவியீர்ப்பும் செங்குத்தாகத்தான் இருக்கின்றன, கிடைமட்டத்தில் வெளிவிசை இல்லை. ஆகவே உந்தம் மாறாது. ஆனால் மரம் கிழிகிறது, சூடாகிறது, அதனால் இயக்க ஆற்றல் அப்படியே நிற்காது. உந்தத்தை வைத்துக் கணக்கிட்டால் கட்டையும் தோட்டாவும் சேர்ந்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கிளம்புகின்றன. மிஞ்சுகிற இயக்க ஆற்றல் வெறும் 4 ஜூல். அப்புறம் கட்டை மேலே ஏறும்போது உந்தம் உதவாது, ஏனென்றால் இப்போது கயிறும் புவியீர்ப்பும் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆற்றலை நம்பலாம், கயிற்றின் இழுவிசை பாதைக்குச் செங்குத்தாக இருப்பதால் அது வேலை எதுவும் செய்வதில்லை. உயரம் சுமார் 20 சென்டிமீட்டர். இந்தப் பத்தியில் கணக்கு என்று பார்த்தால் இரண்டு வரிதான். மீதி எல்லாம் ‘ஏன்’. ‘காரணம் கூறுக’ என்று கேட்டு மதிப்பெண் கொடுப்பதும் அந்த மீதிக்குத்தான்.

ஆகவே நான் சொல்லும் பயிற்சி இது. எல்லாப் பாடங்களிலிருந்தும் கணக்குகளைத் தனித்தனித் தாளில் எழுதி, குலுக்கிப் போட்டு எடுங்கள். விடை காண வேண்டாம். படம் வரையுங்கள், எந்தப் பொருளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்று குறியுங்கள், அதன் மேல் செயல்படும் விசைகளை மட்டும் போடுங்கள். எந்த விதி, அது இங்கே ஏன் செல்லும் என்று ஒரே வாக்கியம். விடை தோராயமாக எவ்வளவு இருக்கும் என்று ஒரு ஊகம். ஒரு கணக்குக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், உடனே விடைக்குறிப்போடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பத்தில் ஒன்றிரண்டை மட்டும் கடைசி வரை போட்டு முடியுங்கள்.

1981-இல் கற்றல் பற்றி ஆராயும் உளவியலாளர் மிஷெலின் சீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று கண்ணில் பட்டதை வைத்துப் பிரித்தார்கள். கைதேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று உள்ளே இருக்கும் தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். மேலே சொன்ன பயிற்சி உங்களை அந்த இரண்டாவது கூட்டத்துக்கு நகர்த்துவதற்குத்தான்.

கேள்வியை முழுதாகப் படிப்பது இன்னொரு விஷயம், இதில் கோட்டை விடுவோர் அதிகம். மின்கலத்தால் மின்னேற்றிய மின்தேக்கியின் தகடுகளுக்கு இடையே மின்காப்பு மாறிலி 3 கொண்ட பொருளை, அதாவது மின்தேக்குத்திறனை மூன்று மடங்காக்கும் பொருளை, முழுதாக நுழைக்கிறார்கள். மின்கலத்தைத் துண்டித்த பிறகு நுழைத்தால் மின்னூட்டம் மாறாது, சேமித்த ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மின்கலம் இணைப்பில் இருக்கும்போதே நுழைத்தால் மின்னழுத்தம் மாறாது, ஆற்றல் மூன்று மடங்காகும். ‘துண்டித்த பிறகு’ என்ற இரண்டு சொல்லுக்கு ஒன்பது மடங்கு வித்தியாசம். கேள்வியில் அப்படிப்பட்ட சொற்களை அடிக்கோடிடுங்கள்.

விடை வந்த பிறகு அரை நிமிடம் அதைச் சீண்டிப் பாருங்கள். கப்பியின் இருபுறமும் தொங்கும் நிறைகள் என்றால், இரண்டும் சமமானால் உங்கள் சூத்திரம் முடுக்கம் சுழி என்கிறதா? ஒரு நிறையை இல்லாமல் செய்தால் மற்றது தடையின்றி விழும் முடுக்கம் வருகிறதா? இரண்டில் ஒன்று தவறினாலும் கூட்டல் கழித்தல் குறி எங்கோ புரண்டிருக்கிறது.

செய்முறைக் கேள்விகளில் வளைகோட்டை நேர்கோடாக்கப் பழகினால் போதும். தனி ஊசலில் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்து, சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தை எடுப்பதுபோல. சாய்வுக்கு உங்கள் அளவீட்டுப் புள்ளிகளை எடுக்காதீர்கள், வரைந்த கோட்டின் மேல் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களை எடுங்கள்.

சூத்திரங்களுக்கு இனி நேரம் ஒதுக்க வேண்டாம், அவைதான் மனப்பாடம் என்கிறீர்களே. கடைசி இரண்டு வாரம் மட்டும் கடிகாரத்தை வைத்து முழுத் தாள்கள் எழுதுங்கள். ஒரு கேள்வியில் முதல் பிரிவு வராவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். அதன் விடைக்கு ஒரு குறியீடு வைத்துக்கொண்டு அடுத்த பிரிவைச் செய்யுங்கள். முறை சரியாக இருந்தால் பெரும்பாலான திருத்துநர்கள் அதற்கு உரிய மதிப்பெண்ணைத் தருவார்கள்.