சோப்புல மாட்டிக்கிட்ட தம்பிக்கு

தம்பி, ஜெர்மனில கொலோன் வந்து மூணு வாரம் ஆகுது, ஸ்ப்ரிங் பூட்டும் ரெஸ்ட்டும் தெரியும்னு இன்சூரன்ஸ் கம்பெனில எடுத்துட்டு இப்ப ஜாவால சோப் (எக்ஸ்எம்எல் மெசேஜ்ல சிஸ்டம்கள் பேசிக்கற பழைய முறை) சர்வீஸ், அதுவும் கான்ட்ராக்ட் ஃபர்ஸ்ட்டா, அதாவது கோடுக்கு முன்னாடி ஒப்பந்தத்தை எழுதி வச்சுட்டு, எழுதச் சொல்றாங்க, இந்தப் பழைய குப்பைல என் கரியர் போயிடுமா அண்ணானு கேட்டிருக்கீங்க. போகாது. நான் பத்து வருஷமா இதே ஊர்ல இதை வச்சுத்தான் சோறு சாப்பிடறேன்.

ஜெர்மனில இன்சூரன்ஸ் கம்பெனியும் புரோக்கர் சாஃப்ட்வேரும் பேசிக்க பிப்ரோங்கற சங்கம் போட்ட ஒரு பொது விதிமுறை இருக்கு, டுசல்டார்ஃப்ல இருக்கற சங்கம் அது, பிரீமியம் கணக்குல இருந்து விண்ணப்பம் வரைக்கும் 420ன்னு ஒரு நார்ம், அது சோப்தான். ஐரோப்பிய கமிஷன்ல வாட் நம்பர் சரிபார்க்கற வீஸ் சர்வீஸ்கூட சோப்ல கிடைக்குது, அதோட டபிள்யூஎஸ்டிஎல்லை (சர்வீஸ் என்ன வாங்கும், என்ன தரும்னு எழுதின எக்ஸ்எம்எல் ஃபைல்) எடுத்து ஒரு கிளையன்ட் எழுதிப் பாருங்க, ஒரு சாயங்காலம் போதும்.

சரி, கான்ட்ராக்ட் ஃபர்ஸ்ட் ஏன்? வீடு எடுத்தப்ப சாவி கைக்கு வர்றதுக்கு முன்னாடி செவத்துக் கீறல் வரைக்கும் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டீங்கல்ல, ஊபர்காபெப்ரோட்டோகோல்னு, அதேதான். முதல்ல எக்ஸ்எஸ்டி, அதாவது டேட்டா எப்படி இருக்கணும்னு சொல்ற ஸ்கீமா, அப்புறம் அதுலேருந்துதான் ஜாவா கோடு ஜெனரேட் ஆகும். நான் வந்த புதுசுல அவசரப்பட்டு ஜாவா கிளாஸ்ல அனோட்டேஷன் போட்டு அதுலேருந்து டபிள்யூஎஸ்டிஎல்லை வரவச்சேன், ஒரு வெள்ளிக்கிழமை பேர் நல்லா இல்லையேன்னு ஒரு ஃபீல்டை ரீநேம் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன், கூடவே டபிள்யூஎஸ்டிஎல்லும் மாறிடுச்சு, திங்கக்கிழமை காலைல எதிர்ப்பக்கம் இருந்த அத்தனை புரோக்கருக்கும் விண்ணப்பம் போகல.

ஸ்கீமாவை நீங்களே தனியா உட்கார்ந்து எழுதாதீங்க, பாலிசி தெரிஞ்ச ஆளைப் பக்கத்துல வச்சுக்கோங்க. பின்கோடையே எடுத்துக்கோங்க, நம்ம ஊர்ல அது 0ல ஆரம்பிக்காது, அதனால இன்ட்னு (முழு எண்) போட கை தானா போகும், ஆனா டிரெஸ்டன்ல 01067, லைப்சிக்ல 04109, இன்ட் போட்டா அந்த சைபர் காணாமப் போயிடும். ஸ்ட்ரிங் போட்டு அஞ்சு இலக்கம்னு பேட்டர்ன் குடுங்க. அப்புறம் குடும்பப் பேர். ஒரு ஃபீல்டு குறைஞ்சது எத்தனை தடவை வரணும்னு சொல்ற மின்ஆக்கர்ஸ் எழுதலேன்னா டிஃபால்ட் 1, அதாவது கட்டாயம். பாஸ்போர்ட்ல ஒரே பேர் இருக்கற நம்மாளு பாலிசி கேட்டா என்ன பண்றதுன்னு மீட்டிங்ல கேளுங்க, ஒரு நிமிஷம் எல்லாரும் முழிப்பாங்க, அப்புறம் சீரியஸா நோட்ல எழுதிப்பாங்க. ஆனா விருப்பம்னு விடும்போது மின்ஆக்கர்ஸ் 0 மட்டும் போடுங்க, கூடவே நில்லபிளும் (மதிப்பு காலியா வரலாம்ங்கறது) சேர்த்தா ஜெனரேட் ஆகற கோடு முழுக்க ஜேஏஎக்ஸ்பிஎலிமென்ட்னு மதிப்பைச் சுத்தற உறை மூட்டை மூட்டையா வந்து நிக்கும்.

டூல் பக்கம் பெருசா ஒண்ணுமில்ல. ஸ்ப்ரிங் டபிள்யூஎஸ் கான்ட்ராக்ட் ஃபர்ஸ்ட் மட்டும்தான் பண்ணும், எக்ஸ்எஸ்டில ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ்னு முடியற பேர் வச்சா டபிள்யூஎஸ்டிஎல்லை அதுவே கட்டிக் குடுக்கும். டபிள்யூஎஸ்டிஎல் ஏற்கனவே கையில இருந்தா அதுலேருந்து ஜாவா கோடு எடுக்க அப்பாச்சி சிஎக்ஸ்எஃப். அதே வேலைக்குப் பழைய டுடோரியல்ல வர்ற டபிள்யூஎஸ்இம்போர்ட்டைத் தேடி அலையாதீங்க, ஜாவா 11லயே ஜேடிகேல இருந்து தூக்கிட்டாங்க. ஸ்ப்ரிங் பூட் 3ன்னா பேக்கேஜ் பேர் ஜாவாஎக்ஸ்னு இல்ல, ஜகார்த்தான்னு ஆரம்பிக்கும், கோடு ஜெனரேட் பண்ற பிளகின் பழசா இருந்தா கம்பைலே ஆகாது, சிஎக்ஸ்எஃப் 4 எடுங்க. ஜெனரேட் ஆன கோடை கிட்ல போடாதீங்க, கையால திருத்தவே திருத்தாதீங்க, அடுத்த பில்டுல அழிஞ்சுடும். தேதி எக்ஸ்எம்எல்கிரிகோரியன்கேலண்டர்னு அசிங்கமா வரும், எந்த எக்ஸ்எம்எல் டைப் எந்த ஜாவா டைப்பா வரணும்னு சொல்ற பைண்டிங் ஃபைல் எழுதி லோக்கல்டேட்-ஆ மாத்திக்கோங்க.

ரிக்வெஸ்ட் வருது, எரர் இல்ல, ஆனா ஃபீல்டெல்லாம் நல் (null), காலியா வருதுன்னு ஒரு நாள் கண்டிப்பா தலையைப் பிச்சுப்பீங்க. அன்னைக்கு எலிமென்ட் பேர் எந்த ஸ்கீமாவுக்குச் சொந்தம்னு சொல்ற நேம்ஸ்பேஸைப் பாருங்க, முக்காவாசி நேரம் ஸ்கீமால எலிமென்ட்ஃபார்ம்டிஃபால்ட் குவாலிஃபைடுனு போட மறந்திருப்பீங்க. நான் இதுல ரெண்டு நாள் தொலைச்சிருக்கேன், சர்வரை பத்து தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு.

உங்க டீம்ல எந்த ஜாவா வெர்ஷன்னு சொல்லுங்க தம்பி. 8ன்னா அது வேற கதை, ஒரு சனிக்கிழமை போன் பண்ணுங்க பேசிக்கலாம்.