அவர் கொடுத்தால் இலவசம், நான் கொடுத்தால் நலத்திட்டம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மேடையில் ஒரு பேச்சு, பட்ஜெட்டில் வேறு கணக்கு. சிலவற்றைச் சுருக்கி எடுத்துக்கொண்டேன். தலைவர்களைத் திட்டி மட்டும் எழுதியிருந்தவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அனுதாபம் உண்டு.

இலவசம் நாட்டைக் கெடுக்கிறது என்று பேசுகிறவர்களே தேர்தல் வந்தால் மாதம் இவ்வளவு தருகிறோம் என்கிறார்கள். எது இலவசம், எது நலத்திட்டம்? (வாசகர், தஞ்சாவூர்)

அகராதியில் தேடிப் பிரயோஜனம் இல்லை. கொடுக்கிறவர் யார் என்று பார்த்தால் போதும்.

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் பந்தேல்கண்ட் விரைவுச்சாலையைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, ஓட்டுக்காக ‘ரேவடி’ கொடுக்கும் கலாச்சாரம் நாட்டுக்கு ஆபத்து என்று பேசினார். ரேவடி என்பது வடக்கே செய்யும் ஒரு எள்ளு மிட்டாய். சரி, அதற்கு மூன்று வருடம் முன்பு என்ன நடந்தது? 2019 பிப்ரவரியில், மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது, இடைக்கால பட்ஜெட்டில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் அறிவித்தார்கள். திட்டம் 2018 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டதாக முன்தேதி போட்டார்கள். அந்த பிப்ரவரி முடிவதற்குள் முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏற ஆரம்பித்துவிட்டது. அரசாங்கக் கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ரேவடி பேச்சுக்குப் பிறகாவது நின்றதா? 2023 நவம்பரில் சத்தீஸ்கர் தேர்தல் பிரசாரத்தில், துர்க் கூட்ட மேடையிலேயே, 80 கோடிப் பேருக்கான இலவச ரேஷன் தானியத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டிப்பதாகப் பிரதமர் அறிவித்தார். மகாராஷ்டிராவில் பாஜக கூட்டணி 2024 தேர்தலுக்குச் சில மாதம் முன்பு பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. ஜெயித்த பிறகு தகுதி பார்க்கிறோம் என்று லட்சக்கணக்கானவர்களின் பணத்தை நிறுத்தியது.

நம் ஊரை விட்டுவிட முடியுமா? 2006இல் திமுகவின் இலவச கலர் டிவி. அதை வறுத்தெடுத்த அதிமுக, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் சேர்த்து வாக்களித்தது. இரண்டையும் எதிர்த்துப் போடப்பட்ட சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஆகஸ்டில் இலவச விவகாரம் மறுபடி அதே நீதிமன்றத்துக்குப் போனபோது, இவை சமூகநீதிக்கான நலத்திட்டங்கள் என்று திமுக உள்ளே புகுந்து வாதாடியது. நல்ல வாதம்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த மாதமே அவர்களுடைய அமைச்சர் பொன்முடி, கட்டணமில்லாப் பேருந்தில் போகும் பெண்களைப் பார்த்து ‘ஓசி’ என்று சொல்லிவிட்டார். வக்கீலிடம் சொன்ன வார்த்தை ஒன்று, வாயில் இருந்த வார்த்தை ஒன்று.

தருவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது கஜானாவைக் காலி செய்கிறார் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1995இல் மத்திய அரசே பள்ளி உணவுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. நான் பார்ப்பது இரண்டே விஷயம். பணம் எந்தத் தேதியில் கைக்கு வர ஆரம்பிக்கிறது? ஓட்டுப் போடும் முன் சொன்ன விதி, ஓட்டு எண்ணிய பிறகும் அப்படியே இருக்கிறதா? மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 திமுக பிரசாரத்தில் ‘குடும்பத் தலைவிகளுக்கு’ என்று கேட்டோம். 2023 செப்டம்பரில் கைக்கு வரும்போது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று வரம்புகள் முளைத்திருந்தன. வரம்பு வைத்தது நியாயமே. ஆனால் அதை மேடையிலேயே சொல்லியிருக்கலாம்.

நான் வருமான வரி கட்டுகிறேன். என் பணத்தை எடுத்து வேலை செய்யாதவர்களுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? (வாசகர், கோவை)

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் விலாசம் தப்பு. சம்பளத்துக்கு வருமான வரி போடும் அதிகாரம் மாநில அரசுக்குக் கிடையாது. அது மத்திய அரசுடையது. மகளிர் உரிமைத்தொகை போன்ற மாநிலத் திட்டங்களுக்குப் பெரும்பகுதிப் பணம் ஜிஎஸ்டி, பெட்ரோல், மதுபானம், பத்திரப்பதிவு ஆகியவற்றிலிருந்து வருகிறது. அந்த ஆயிரம் ரூபாயை வாங்கும் அம்மா, குளியல் சோப்பு வாங்கும்போது 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டுதான் இருந்தார். பிறகு அதை 5 ஆகக் குறைத்து, ‘சேமிப்புத் திருவிழா’ என்று கொண்டாடினார்கள். 18 போட்டதும் அதே மோடி ஆட்சியின் காலத்தில் அதே ஜிஎஸ்டி கவுன்சில்தான், அந்த நாளை யாரும் கொண்டாடவில்லை. (இந்த ஜிஎஸ்டியையே மோடி குஜராத் முதல்வராக இருந்தபோது எதிர்த்தார். ஆட்சியில் இருந்தபோது அதை முன்மொழிந்த காங்கிரஸ், 2017இல் ‘ஷோலே’ பட வில்லன் பெயரை வைத்து ‘கப்பர் சிங் டாக்ஸ்’ என்று கேலி செய்தது.)

இன்னொன்றையும் பாருங்கள். 2019 செப்டம்பரில் நிறுவனங்களின் வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதியமைச்சரே சொன்னார். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு வரி இல்லை என்றானது. அதில் சுமார் ஒரு லட்சம் கோடி போகும் என்றார்கள். அறிவிப்பு பிப்ரவரி 1, டெல்லி தேர்தல் பிப்ரவரி 5. அதை யாரும் ரேவடி என்று சொல்லவில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள், நானும் சொல்லவில்லை, எனக்கும் வரி குறைந்ததே!

அரசு விட்டுக்கொடுக்கும் வரியைக் காட்ட மத்திய பட்ஜெட்டுடன் ஒரு தனி அறிக்கை வரும். முன்பு அதன் பெயர் ‘கைவிடப்பட்ட வருவாய்’. இப்போது ‘வரி ஊக்கங்களின் தாக்கம்’. ஏழைக்குக் கொடுத்தால் செலவு, மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் ஊக்கம்.

பெட்ரோல் விலைக்கு மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டுகிறது, மாநிலம் மத்திய அரசை. யார் பொய் சொல்கிறார்கள்? (லாரி உரிமையாளர், நாமக்கல்)

பொய் என்பதைவிட, ஆளுக்குப் பாதி உண்மை. 2012இல் பெட்ரோல் ஏழரை ரூபாய் ஏறியதற்கு பாஜக நாடு தழுவிய பந்த் நடத்தியது. 2014இல் அவர்கள் ஆட்சிக்கு வந்தபோது பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 9.48 ரூபாய். 2020 மே மாதம், உலகமே வீட்டுக்குள் அடைந்து கச்சா எண்ணெய் அடிமாட்டு விலைக்கு வந்தபோது, அது 32.98 ஆனது. அதே வாரத்தில், இரண்டு நாள் முந்திக்கொண்டு, அன்றைய அதிமுக அரசும் வாட் வரியை ஏற்றியது. விலைக் குறைவு பங்குக்கு வரும் முன்பே இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று நிதிக்குழு சொல்கிறது. ஆனால் செஸ், கூடுதல் வரி போன்ற பெயரில் வசூலித்தால் அதில் பங்கு கிடையாது. 2021 நவம்பரில் பெட்ரோல் மீதான மத்திய வரி 27.90 ரூபாய். அதில் பங்கு பிரிக்கத்தக்க அடிப்படைக் கலால் வெறும் 1.40. அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டின் பங்கு சுமார் 4 சதவீதம், அதாவது லிட்டருக்கு இரண்டு காசுக்குக் கொஞ்சம் மேல். இந்த நிலையில்தான் 2022 ஏப்ரலில் முதல்வர்கள் கூட்டத்தில் தமிழ்நாட்டின் பெயரையும் சொல்லி, வரியைக் குறையுங்கள் என்று பிரதமர் கேட்டார்.

அதற்காக மாநிலத்துக்கு நற்சான்று தர முடியாது. பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்பது திமுகவின் 2021 வாக்குறுதி. அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. டீசலுக்கு ஒன்றும் இல்லை. உங்கள் லாரி டீசலில்தானே ஓடுகிறது?

விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தால் குற்றம், கார்ப்பரேட்டுக்கு 10 லட்சம் கோடி தள்ளுபடி செய்தால் வளர்ச்சியா? (வாசகர், திருநெல்வேலி)

இங்கே எதிர்க்கட்சிகளின் கணக்கையும் கொஞ்சம் தட்ட வேண்டியிருக்கிறது. ஐந்து வருடத்தில் வங்கிகள் 10 லட்சம் கோடிக்கு மேல் கணக்கிலிருந்து நீக்கியதாக 2022 டிசம்பரில் மாநிலங்களவையில் சொல்லப்பட்டது உண்மை. ஆனால் அது கடனை மன்னித்தல் அல்ல. வங்கியின் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், வாங்கியவர் இன்னும் கடன்காரர்தான். தமிழில் இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே எழுதுவதால் மேடைப் பேச்சாளர்களுக்கு வசதி. அப்படிச் சொன்னாலும், நீக்கிய கணக்குகளிலிருந்து அந்த ஐந்து வருடத்தில் திரும்ப வந்தது 1.32 லட்சம் கோடிதான். ஆக, அரசுத் தரப்பு சொல்வதுபோல ‘வசூலாகிவிடும்’ என்றும் நிம்மதியாக இருக்க முடியாது.

உள்ளூர்க் கதை இதைவிடச் சுவாரசியம். 2017 ஏப்ரலில் எல்லா விவசாயிகளின் கூட்டுறவுக் கடனையும் தள்ளுபடி செய்யச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அதிமுக அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, அதே கட்சியின் அரசு 12,110 கோடிப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. திமுக தன் பங்குக்கு ஐந்து பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி என்றது. வந்த பிறகு சல்லடை போட்டதில், 48 லட்சத்துச் சொச்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்றானது.

டாஸ்மாக் பற்றி ஒரு வரியாவது? (வாசகர், சேலம்)

ஒரு வரி போதும்: 2020 மே மாதம் ஊரடங்கில் கடை திறந்ததற்குக் கறுப்புச் சட்டை போட்டுப் போராடிய திமுகவினர், 2021 ஜூன் மாதம் ஊரடங்கில் கடை திறந்தார்கள். அப்போது போராடியது பாஜக. கர்நாடகத்தில் அந்தக் கட்சியின் அரசு 2020 மே 4ஆம் தேதியே திறந்துவிட்டது. வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல் வரும் கடையை யார் மூடுவார்?

என் மாமியாருக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது. எம்.பி.க்கள் சம்பளம் மட்டும் எப்படிச் சத்தமில்லாமல் ஏறுகிறது? (வாசகி, திருவண்ணாமலை)

முன்பெல்லாம் சம்பளம் ஏற்ற ஒவ்வொரு முறையும் மசோதா வர வேண்டும், பத்திரிகைகள் எழுதும், கொஞ்சம் கூச்சமாக இருக்கும். 2018இல் அதற்கு வழி கண்டுபிடித்தார்கள். சம்பளத்தை மாதம் ஒரு லட்சம் ஆக்கி, இனி பணவீக்கக் குறியீட்டின்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தானாக ஏறும் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். 2025 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது: 1.24 லட்சம், அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. முன்னாள் எம்.பி. ஓய்வூதியம் 25,000இலிருந்து 31,000. 2018 ஜனவரியில் நம் சட்டமன்றத்திலும் எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000இலிருந்து 1.05 லட்சமாக்கும் மசோதா வந்தது. அதே மாதம்தான் டவுன் பஸ் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனது.

உங்கள் மாமியாருக்கு வருவது தேசியத் திட்டத்தின் கீழ் என்றால், 60 முதல் 79 வயது வரை அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இலிருந்து அதே 200. காங்கிரஸ் கூட்டணி இருந்தது, பாஜக வந்தது, 200 நகரவில்லை. மாநில அரசு தன் பங்கைப் போட்டு 1,200 ஆகக் கொடுக்கிறது, 2023இலிருந்து. அவருக்கு 80 வயது முடிந்திருந்தால் மத்தியப் பங்கு 500 ஆகும். வயதுச் சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒருமுறை காட்டிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2.63 லட்சம் ரூபாய் கடன் என்று சொன்னார்களே, நான் கட்ட வேண்டுமா? (வாசகர், பெயர் வேண்டாம் என்கிறார்)

கட்ட வேண்டாம், வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். அது 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் எண். மாநிலக் கடன் அப்போது 5.70 லட்சம் கோடி, அதிமுகவைச் சாடப் பயன்பட்டது. 2025–26 முடிவில் 9.29 லட்சம் கோடிக்கு மேல் இருக்கும் என்று திமுக அரசின் பட்ஜெட்டே சொன்னது. அதை வைத்துச் சாடியது அதிமுக. மாநிலத்தின் பொருளாதாரமும் கூடவே வளர்வதால், கடனை அதோடு ஒப்பிட்டுச் சதவீதமாகப் பார்ப்பதுதான் முறை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்வது பயமுறுத்தத்தான் உதவும். நீங்கள் பயந்துதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது.