ஃபிலிம் கையில் இருக்கிறது, ரிப்போர்ட் எங்கே? – கதிரியல் கேள்வி பதில்

எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றி வந்த கடிதங்களில் மிஷின் நல்லதா, பழையதா என்று கேட்டவர்கள் குறைவு. எடுத்த படத்தை யார் பார்த்தார்கள், அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் பலருடைய கவலை. அது நியாயமான கவலை. ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் தந்தைக்கு இரண்டு மாதமாக இருமல். தாலுகா அரசு மருத்துவமனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து ஃபிலிமைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் கேட்டால் ‘டாக்டர் பார்த்துச் சொல்வார்’ என்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ரிப்போர்ட் தர மாட்டார்களா?
– வாசகர், அரூர்

தாலுகா அளவில் எக்ஸ்ரே மிஷின் இருக்கும், எடுக்க ரேடியோகிராபர் இருப்பார். படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் சிறப்பு மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோதான் இருப்பார். அங்கேயும் அவருடைய நாள் சி.டி.க்கும் அல்ட்ராசவுண்டுக்குமே சரியாகப் போய்விடுகிறது. ஆகவே சாதா எக்ஸ்ரேயை, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரே பார்த்து முடிவு சொல்கிறார். வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கும்போது லைட் பாக்ஸைத் தேட நேரமில்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் நடக்கிறது.

கால் எலும்பு தெளிவாக முறிந்திருந்தால் இதுவே போதும். நெஞ்சுப் படத்துக்குப் போதாது. அதில் கண்ணுக்குத் தப்பும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்: காறையெலும்புக்குப் பின்னால் இருக்கும் நுரையீரல் உச்சி, இதய நிழலுக்குப் பின்பக்கம், நுரையீரலின் வேர்ப்பகுதி, உதரவிதானத்தின் வளைவுக்குக் கீழே இறங்கியிருக்கும் பகுதி. பெரியவர்களுக்கு வரும் காசநோய் உச்சியைத்தான் அதிகம் பிடிக்கும். அங்கே காறையெலும்பும் முதல் விலாவும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நோயை மறைத்துவிடும்.

மூன்று காரியம் செய்யுங்கள். பார்த்த மருத்துவரிடம், படத்தில் என்ன இருந்தது என்பதை ஓ.பி. சீட்டிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றாலே படத்தை இன்னொரு முறை பார்ப்பார்கள். அடுத்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மையங்களில் அது இலவசம். கடைசியாக, பழைய ஃபிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு நிழல் போன வருடமும் இதே அளவில் இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஈடாக எந்தப் புது ஸ்கேனும் இல்லை. ஆனால் இப்போதைய லேசர் ஃபிலிம்கள் வெப்பத்தில் கறுத்துவிடும். பைக் பெட்டியிலும் வெயிலில் நிற்கும் கார் கண்ணாடி ஓரத்திலும் வைக்காதீர்கள்.

டி.ஆர்.டி.டி. (எக்ஸ்ரே, ஸ்கேன் டெக்னீஷியனுக்கான பட்டயப் படிப்பு) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பயிற்சிக்குப் போகும் இடத்தில் சி.ஆர். சிஸ்டம் (ஃபிலிமுக்குப் பதில் பிளேட்டில் எடுத்துக் கம்ப்யூட்டரில் படமாக்கும் முறை) இருக்கிறது. ‘கே.வி. (கதிரின் ஊடுருவும் சக்தி), எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) பற்றிக் கவலைப்படாதே, எப்படி எடுத்தாலும் கம்ப்யூட்டர் சரிசெய்துவிடும்’ என்கிறார் சீனியர். சரியா?
– மாணவி, பாளையங்கோட்டை

சரியில்லை. இன்றைய எக்ஸ்ரே அறைகளில் மிகப் பரவலாக நடக்கும் தவறு இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

பழைய ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளுத்துவிடும். தவறு கையோடு பிடிபடும். சி.ஆரில் இரண்டு மடங்கு கதிர் கொடுத்தாலும் மென்பொருள் அதே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்து காட்டும். சொல்லப்போனால் படம் இன்னும் வழவழப்பாகத் தெரியும். கதிர் குறைந்தால்தான் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக வரும். புள்ளி வந்தால் திட்டு விழுகிறது. கூடினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இதனால் அறையில் இருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நோயாளி வாங்கும் கதிர் ஏறுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வரும் எண்ணைப் பார்ப்பது. ஃபியூஜியில் அது ‘எஸ்’ எண். தலைகீழாகப் படிக்க வேண்டும். 200 என்பது 100 ஆனால் கதிர் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருள். கோடாக், கேர்ஸ்ட்ரீம் கருவிகளில் எண் 300 ஏறினால் இரண்டு மடங்கு. ஆக்ஃபாவில் 0.3 ஏறினாலே இரண்டு மடங்கு. புதிய கருவிகளில் விலகல் எண் வரும்: 0 சரியான அளவு, +3 இரட்டிப்பு, −3 பாதி. உங்கள் அறையில் எந்தக் கம்பெனிக் கருவி என்று பார்த்து, ஒரு வாரம் நெஞ்சுப் படங்களின் எண்ணை மட்டும் நோட்டில் குறித்துவாருங்கள். காலை ஷிப்டுக்கும் இரவு ஷிப்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டாவது, கோலிமேட்டர், அதாவது கதிர் விழும் பரப்பை வெளிச்சத்தால் காட்டிக் குறுக்கும் திறப்பு. வெளிச்சத்தை அகலத் திறந்து எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஓரத்தைக் கத்தரித்துவிடுகிறார்கள். படம் சின்னதாகிவிடும், உடம்பில் பட்டது பட்டதுதான். சிதறும் கதிர் கூடுவதால் படத்தின் துல்லியமும் கெடும். நான்கு பக்கமும் கோலிமேட்டரின் விளிம்பு படத்தில் தெரிவதுதான் ஒழுங்காக எடுத்ததற்கு அடையாளம்.

நெஞ்சுப் படம் எடுத்ததும் நோயாளியை அனுப்பும் முன் பத்து விநாடி நின்று பாருங்கள். காறையெலும்புகளின் உள்முனை இரண்டும் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் உடம்பு திரும்பியிருக்கிறது. பின்பக்க விலா பத்து வரை எண்ண முடிகிறதா? எட்டோடு நின்றால் மூச்சை இழுக்காமலே எடுத்துவிட்டீர்கள். நுரையீரலின் அடிப்பகுதி மங்கி நிமோனியா போலத் தெரியும், இதயமும் பெருத்தது போல இருக்கும். தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு வெளியே விலகியிருக்கிறதா? தூரம் 180 செ.மீ. இருந்ததா? ‘மூச்சைப் பிடி’ என்று ஒரு தடவை கத்துவதைவிட, எடுக்கும் முன் ஒருமுறை இழுத்துப் பழக வைப்பது நல்ல பலன் தரும்.

இடம் வலம் குறிக்கும் ஈய மார்க்கரை எடுக்கும்போதே வைத்துவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் ‘ஆர்’ என்று தட்டும் பழக்கத்தால்தான் பக்கம் மாறிப்போகிறது. ஒரு நாளுக்கு மேல் சும்மா கிடந்த பிளேட்டை அழித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எடுக்கப்போகும் கேசட்டுகளை (பிளேட் இருக்கும் பெட்டிகளை) எக்ஸ்ரே அறைக்குள் அடுக்கி வைத்தால் சிதறும் கதிரில் அவையும் மங்கும். படத்தின் நடு மட்டும் சரியாக இருந்து இரண்டு ஓரமும் வெளுத்திருந்தால் கிரிடை (சிதறும் கதிரைத் தடுக்கும் தகட்டை) தலைகீழாகச் செருகியிருக்கிறார்கள்.

தலையில் அடிபட்டவருக்கு சி.டி. எடுத்து, ஃபிலிமை செல்போனில் படம் பிடித்து வெளியூர் டாக்டருக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கினார்கள். இது செல்லுமா?
– வாசகர், கம்பம்

அவசரத்துக்கு ஒரு கருத்துக் கேட்க உதவும். ரிப்போர்ட் எழுத அது போதாது. சி.டி.யில் எந்த அடர்த்தி முதல் எந்த அடர்த்தி வரை சாம்பல் நிறங்களாகப் பிரித்துக் காட்டுவது என்பதை ‘ஜன்னல்’ என்பார்கள். மூளையைப் பார்க்கும் வழக்கமான ஜன்னல் அளவு அகலம் 80, மையம் 40. மண்டையோட்டை ஒட்டிப் படிந்த மெல்லிய இரத்தப் படலம் அந்த அளவில் எலும்பின் வெள்ளையோடு கலந்துவிடும். அகலத்தை 200 வரை விரித்தால்தான் பிரிந்து தெரியும். பக்கவாதத்தின் முதல் சில மணி நேரத்தில் அகலத்தை 40க்குச் சுருக்க வேண்டியிருக்கும். எலும்பு விரிசலுக்கு 2000க்கு மேல். கம்ப்யூட்டரில் இது ஒரு நொடி வேலை. ஃபிலிமைப் படம் பிடித்து அனுப்பினால் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஜன்னல், மேலே டியூப்லைட்டின் பளபளப்பு.

வெளியூர் ரேடியாலஜிஸ்ட் பார்ப்பதில் தவறில்லை. டைகாம் கோப்பு (மிஷின் தரும் மூல டிஜிட்டல் படங்கள்) முழுசாகப் போக வேண்டும், நோயாளியின் தொந்தரவு என்ன என்ற குறிப்பும் கூடப் போக வேண்டும், ஆபத்தான முடிவு என்றால் அவர் உடனே போன் செய்ய ஓர் எண் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பார்த்தவரின் பெயரும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: பித்தப்பையை அறுவை செய்து எடுத்தவருக்கு ‘பித்தப்பை நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தால், முன்பே தட்டிவைத்த வாசகத்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டின் மற்ற வரிகளையும் நம்பாமல் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு வயது மகன் கட்டிலிலிருந்து விழுந்தான். அழுதுவிட்டு விளையாடப் போய்விட்டான். ஆனாலும் சி.டி. எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். கதிர் அதிகம் பட்டிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– தாய், பட்டுக்கோட்டை

முதலில், பயப்பட வேண்டாம். ஒரு தலை சி.டி.யால் வரும் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் உங்கள் கேள்வி மிகச் சரியானது.

இரண்டு வயதைத் தாண்டிய குழந்தை நினைவு தவறாமல், வாந்தி எடுக்காமல், கடும் தலைவலி இல்லாமல், காது மூக்கில் நீரோ இரத்தமோ வடியாமல், ஐந்து அடிக்கு மேல் உயரத்திலிருந்து விழாமல் இயல்பாக இருந்தால் சி.டி. தேவையில்லை. ஓர் அறிகுறி மட்டும் இருந்து சந்தேகமாக இருந்தால், மருத்துவமனையிலேயே சில மணி நேரம் வைத்துக் கவனிப்பது நல்ல வழி.

சி.டி.யின் கடைசிப் பக்கத்தில் கதிர் கணக்கு இருக்கும். அதில் ஸ்கேன் முழுவதிலும் கொடுத்த கதிரைக் காட்டும் ‘டி.எல்.பி.’ என்ற எண்ணைப் பாருங்கள். 600 என்று இருந்தால், பெரியவருக்கு அது ஏறத்தாழ 1.3 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அலகு). அதே 600 ஐந்து வயதுக் குழந்தைக்கு 2.4, ஒரு வயதுக் குழந்தைக்கு 4. இயற்கையிலிருந்தே ஓர் ஆண்டில் நம் எல்லோருக்கும் படும் கதிரின் உலகச் சராசரி 2.4 என்பதால் அளவு புரியும். குழந்தையின் மண்டை சிறியது, எலும்பு மெல்லியது. பெரியவருக்கு வைத்த அளவு தேவையே இல்லை. பல ஸ்கேன் மையங்களில் மிஷினில் குழந்தைகளுக்கான புரோட்டோகால் இருந்தும், கை பழகிய பெரியவர் புரோட்டோகாலையே தட்டிவிடுகிறார்கள். கழுத்து வரை நீட்டி எடுப்பது, காயத்துக்குத் தேவையில்லாத கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) போட்டு இரண்டாம் முறை எடுப்பது ஆகியவையும் கணக்கை ஏற்றும். இனி எப்போதாவது தேவைப்பட்டால், ‘குழந்தைக்கான செட்டிங்கில் எடுக்கிறீர்களா?’ என்று டெக்னீஷியனிடம் முன்பே கேளுங்கள்.

சிறிய கிளினிக் நடத்துகிறேன். ஊழியர் வாங்கும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டியிருக்கிறோம். சரிதானே?
– வாசகர், ராசிபுரம்

தவறு. அது அறையின் கதிரை அளக்குமே தவிர ஊழியருடையதை அளக்காது. பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சு உயரத்தில் அணிய வேண்டும். வேலை முடிந்ததும் கன்ட்ரோல் பேட்ஜோடு (ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் வைத்திருக்கும் பேட்ஜ்) கதிர் இல்லாத அறையில் வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அளவு பார்க்க அனுப்ப வேண்டும். ஊழியருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள், மடிப்பில் ஈயம் வெடித்துவிடும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வாங்கியதோடு வேலை முடியவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை செய்ய வேண்டும்.

எம்.டி. கதிரியல் முதலாண்டு. கேஸ் ஏராளம், கற்றுத்தர ஆசிரியர்களுக்கு நேரமில்லை. இரவில் தனியாக சி.டி. பார்க்கிறேன். எப்படிக் கற்றுக்கொள்வது?
– மருத்துவர், பெயர் வேண்டாம்

சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் தொடங்கியது. அத்தனை நீண்ட மரபு உள்ள மாநிலத்தில் இந்தக் கடிதம் வருவது வருத்தம் தருகிறது. கேஸ் எண்ணிக்கை தானாகக் கற்றுத்தராது. நூறு படம் பார்த்து, நூறிலும் உங்கள் முடிவு சரியா என்று தெரியாமல் போனால் தவறும் சேர்ந்தே பழகிவிடும்.

சீனியர் திறக்கும் முன் உங்கள் முடிவை எழுதிவிடுங்கள். ஒரு நோட்டில் ஐ.பி. (உள்நோயாளி) எண், உங்கள் முடிவு, இறுதி ரிப்போர்ட் மூன்றையும் குறியுங்கள்; இரண்டு வாரம் கழித்து அறுவை அரங்கிலோ பயாப்சியிலோ என்ன வந்தது என்று நான்காவது கட்டத்தில் நிரப்புங்கள். அந்த நான்காவது கட்டம்தான் உங்கள் ஆசிரியர். முதல் ஆறு மாதம் தினமும் இருபது சாதா எக்ஸ்ரே படியுங்கள். யாரும் படிக்காத குவியல் உங்கள் மருத்துவமனையிலேயே இருக்கும். எக்ஸ்ரே அறையில் ரேடியோகிராபரோடு ஒரு மாதம் நின்று எடுக்கப் பழகுங்கள். இயற்பியல் பாடம் அங்கேதான் புரியும். துறைத் தலைவரிடம் வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள்: தவறிய படங்களைப் பெயர் சொல்லாமல், யாரையும் குறை சொல்லாமல் எல்லோரும் சேர்ந்து பார்க்க.

இரவில் தனியாக இருப்பதால் இன்னொன்று. கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை வந்து நோயாளிக்கு மூச்சு இறுகினால் முதல் மருந்து அட்ரினலின்தான். ஹைட்ரோகார்ட்டிசோனோ ஏவிலோ அல்ல. பெரியவருக்கு 0.5 மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று கரைசலில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேறவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடி. ஆம்பூலும் ஒரு மி.லி. சிரிஞ்சும் எந்த டிராயரில் இருக்கின்றன, காலாவதித் தேதி என்ன என்பதை இன்றைய டியூட்டி தொடங்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள்.