வசேடா பல்கலைக்கழகம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: டோக்கியோவின் வசேடாவைத் தொடங்கியவர் ஓர் அமைச்சராமே? அப்படியென்றால் அது எப்படித் தனியார் பல்கலைக்கழகம்?

பதில்: அமைச்சரவையிலிருந்து துரத்தப்பட்டவர் என்று சொன்னால் இன்னும் பொருத்தம். நாடாளுமன்றம் சீக்கிரம் வேண்டும் என்று வாதாடிய ஓகுமா ஷிகெனோபுவை 1881இல் வெளியேற்றினார்கள். மறு ஆண்டே அவர் ஒரு கட்சியையும் ஒரு கல்லூரியையும் தொடங்கினார். கல்லூரியின் பெயர் டோக்கியோ சென்மோன் கக்கோ; சேர்ந்த மாணவர்கள் 80 பேர். கட்சிக்கு ஆள் பிடிக்கும் இடம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, திறப்பு விழாவுக்கே ஓகுமா போகவில்லை!

வசேடா என்பது ஊர்ப்பெயர். சீக்கிரம் விளையும் நெல்வயல் என்று பொருள். நம் பேச்சில் குறுவை வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1902இல் கல்லூரிக்கும் அதுவே பெயரானது. சட்டப்படி பல்கலைக்கழகமாக ஏற்கப்பட்டது 1920இல்தான்.

கேள்வி: தொடக்கத்திலிருந்தே ஜப்பானிய மொழியில்தான் பாடமா?

பதில்: என் கணக்கில் வசேடாவின் பெரிய சாதனையே இதுதான். அந்நாளில் அரசின் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலம் முதலிய அயல்மொழிகளில்தான் பாடம் நடந்தது. திறப்பு விழாவில் பேசியவர், கல்லூரியைத் தொடங்க ஓகுமாவுக்குத் துணைநின்ற ஓனோ அசுசா. அவர், கல்விக்கு விடுதலை வேண்டும், அதற்குச் சொந்த மொழியில் கற்பிக்க வேண்டும் என்றார். ஆங்கிலத்தை ஒதுக்கிவிடவில்லை, அதைத் தனித் துறையாகவே வைத்தார்கள். அரசியல், சட்டம் போன்ற பாடங்கள் ஜப்பானிய மொழியில் நடந்தன. சொல்லிச் சொல்லித்தான் துறைச்சொற்கள் பழகின. 2004இல் தொடங்கிய பன்னாட்டுக் கல்விப் புலத்தில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்! காலம் சுற்றி வருகிறது, என்ன செய்ய.

கேள்வி: வளாகத்தில் நிற்கும் ஓகுமா சிலையின் கையில் ஏன் ஊன்றுகோல்?

பதில்: 1889இல் அவர் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, அயல்நாட்டு ஒப்பந்தத் திருத்தம் பிடிக்காத ஒருவர் அவர் வண்டிமேல் குண்டு வீசினார். வலது கால் போயிற்று. அங்கி போர்த்தி ஊன்றுகோலோடு நிற்கிற அந்தச் சிலை 1932இல் வைத்தது. எதிரே 1927இல் கட்டிய மண்டபத்தின் மணிக்கூண்டு 125 ஷாக்கு (ஜப்பானிய அடி) உயரம், அதாவது ஏறக்குறைய 38 மீட்டர். மனிதன் 125 வயது வாழலாம் என்பது ஓகுமாவின் கொள்கை. அவர் போய்ச் சேர்ந்தது 83 வயதில்.

கேள்வி: பெண்களை எப்போது சேர்த்தார்கள்? இப்போது எத்தனை புலங்கள்?

பதில்: 1939இல். இளநிலைப் புலங்கள் 13.

கேள்வி: "தனியார்" என்றால் அரசுப் பணமே கிடையாதா?

பதில்: உண்டு. 1975இல் வந்த சட்டப்படி தனியார் கல்வி நிலையங்களுக்கு அரசு மானியம் தருகிறது. ஆனாலும் பெரும்பகுதி வருமானம் மாணவர் கட்டணம்தான். ஓனோ கேட்ட விடுதலை முழுசாகக் கிடைத்ததா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

கேள்வி: டோக்கியோவின் இன்னொரு தனியார் பல்கலைக்கழகமான கெயோவோடு அவ்வளவு பகையா?

பதில்: பேஸ்பாலில்தான்! முதல் ஆட்டம் 1903இல். 1906இல் இரு பக்க ஆதரவாளர்களும் எல்லை மீறி ஆர்ப்பரிக்க, அந்த ஆண்டின் மூன்றாம் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். அப்புறம் 1925 வரை இரண்டு அணிகளும் மோதவே இல்லை.