மரத்தரை: பிடுங்குவதா, தேய்ப்பதா?

கேள்வி: எங்கள் வீட்டு மரத்தரைக்கு 25 வயது. நடமாட்டம் உள்ள இடமெல்லாம் பாலிஷ் போய்ச் சாம்பல் பூத்துவிட்டது. சமையலறை வாசல் பக்கம் ஏழெட்டுப் பலகைகளின் ஓரம் தூக்கிக்கொண்டு காலில் தட்டுகிறது. காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு "மொத்தத்தையும் எடுத்துட்டுப் புதுசு போட்டுடலாம்" என்கிறார். மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பதில்: அவர் குனிந்து பார்த்தாரா, நின்ற வாக்கில் சொன்னாரா? நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி சங்கதி. சாம்பல் பூத்திருப்பது மேல்பூச்சு தேய்ந்து மரம் வெளியே வந்ததால். அதற்கு மெஷின் போட்டுத் தேய்த்துப் புதுப் பூச்சு கொடுத்தால் போதும். முழு மரப் பலகை என்றால் பெரும்பாலும் 19 மி.மீ. கனம் இருக்கும், அதில் பலகையோடு பலகை கோக்கும் நாக்குக்கு மேலே சுமார் 6 மி.மீ. மரம், ஒரு தடவை தேய்த்தால் போவது ஏறக்குறைய ஒரு மி.மீ., ஆக உங்கள் தரை இன்னும் சில தேய்ப்பைத் தாங்கக்கூடும். மிச்சம் எவ்வளவு என்று பார்க்கப் பலகையைப் பெயர்க்க வேண்டாம், வாசலில் அடித்திருக்கும் பட்டியைக் கழற்றினாலே பலகையின் வெட்டுமுகம் தெரிந்துவிடும். ஆணித் தலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தால் மட்டும் காண்ட்ராக்டர் சொன்னது சரி.

ஓரம் தூக்குவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். பலகையின் அடி, மேல்பக்கத்தைவிட அதிகம் ஈரம் குடித்தால் அடி உப்பும், ஓரங்கள் மேலே எழும்பும். சமையலறை வாசல் என்கிறீர்கள், அப்படியானால் சிங்க் குழாயோ பாத்திரம் கழுவும் மெஷினோ எங்கேயோ சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் புதுத்தரை போட்டால் அதுவும் இதே இடத்தில் இதே மாதிரிதான் தூக்கும், நீங்களும் எனக்கு இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். கசிவை நிறுத்திவிட்டுக் காய விடுங்கள். வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட ஆகலாம், ஆனால் பலகைகள் பல சமயம் தானாகவே படிந்துவிடும். அவசரப்பட்டு ஈரத்தோடு தேய்த்துவிடாதீர்கள். தூக்கியிருக்கும் ஓரம் தேய்ந்து போய், காய்ந்தபிறகு பலகை நடுவில் முதுகு போட்டு நிற்கும். அப்புறமும் படியாத, கறுத்து மெத்தென்று ஆகிவிட்ட பலகைகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். புதுப் பலகை நிறம் ஒட்டாமல் தெரியத்தான் செய்யும், அதனால் அந்த அறை முழுவதையும் ஒன்றாகத் தேய்த்து ஒரே பூச்சாகக் கொடுப்பது நல்லது.

கேள்வி: முழு மரமா, அடியில் பிளைவுட் வைத்து ஒட்டிய எஞ்சினியர்டு பலகையா? எங்களுக்குக் கான்கிரீட் தளம்.

பதில்: கான்கிரீட் என்றால் எஞ்சினியர்டு. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஈரம் ஏறி இறங்கும்போது அவ்வளவாக அசையாது. கடையில் மொத்தக் கனத்தைச் சொல்லி அசத்துவார்கள், அதை விடுங்கள், மேல்மரம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். 4 மி.மீ. இருந்தால் ஒன்றிரண்டு முறை தேய்க்கலாம். ஒன்றோ ஒன்றரையோ என்றால் மெஷினை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

கேள்வி: புதுப் பலகை இன்று வந்து இறங்கியது. நாளைக்கே பதிக்கலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: ஈரம் காட்டும் மீட்டர் வைத்து அளந்தார்களா? "மூணு நாள் வீட்ல கிடக்கட்டும்" என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன், ஏனென்றால் நாள் கணக்கில் ஒன்றுமில்லை, ஈரக் கணக்குதான் முக்கியம். அடித்தளமும் மரம்தான் என்றால், 3 அங்குலத்துக்குக் குறைந்த அகலப் பலகைக்கும் தளத்துக்கும் ஈர வித்தியாசம் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதைவிட அகலமென்றால் 2 சதவீதம். சுவர்ப் பூச்சு காயாத வீட்டில் பலகையை அடுக்கி வைப்பது அதற்குத் தண்ணீர் காட்டுவது மாதிரிதான். இன்னொன்று, சுவரோரம் நாலு பக்கமும் 12 முதல் 19 மி.மீ. வரை இடைவெளி விட்டார்களா என்று, சுவரடியில் அடிக்கும் பட்டியான ஸ்கர்ட்டிங் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். அடித்தபிறகு தெரியாது.

கேள்வி: பழைய மரத்தரையை நாங்களே பெயர்த்தோம். அடியில் கறுப்புப் பசை போட்டு ஒட்டிய பழைய டைல் இருக்கிறது. சுரண்டி எடுத்துவிடலாமா?

பதில்: கை வைக்காதீர்கள். 1980-களுக்கு முந்தைய டைலிலும் அந்தக் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, சுரண்டினாலோ தேய்த்தாலோ அது தூசியாகக் கிளம்பி நுரையீரலுக்குள் போகும். மாதிரியை நீங்களே உடைத்து எடுக்காமல், பயிற்சி பெற்ற ஆளை வைத்து எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை அந்த அறையைப் பெருக்கவும் வேண்டாம், கதவைச் சாத்தி வையுங்கள்.