சின்ன நகராட்சியில் சாலைப் பராமரிப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நகராட்சிப் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சாலை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பேரூராட்சியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்): சார், என் பொறுப்பில் சுமார் 60 கிலோமீட்டர் சாலை இருக்கு. கிடைக்கிற பணத்தில் வருஷத்துக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர்தான் புதுசாப் போட முடியும். எங்கே ஆரம்பிக்கிறது?

முதலில் அந்த 60 கிலோமீட்டரும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஊருக்குள் ஓடும் பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், அதில் இருக்கும் பள்ளத்துக்கு உங்களைத்தான் திட்டுவார்கள். எது யாருடையது என்று வரைபடத்தில் இரண்டு நிறத்தில் குறித்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம் தெருத் தெருவாக நடக்க வேண்டும். வண்டியில் போனால் விரிசல் தெரியாது, பள்ளம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தெருவுக்கும் நீளம், அகலம், கடைசியாகப் போட்ட வருஷம், என்ன மேற்பரப்பு, எந்தப் பக்கம் வடிகால், தண்ணீர் எங்கே தேங்குகிறது, அடியில் என்னென்ன குழாய் போகிறது, இவ்வளவையும் எழுதுங்கள். நிலைமையைக் குறிக்க, இந்தியச் சாலைப் பேரவை (ஐஆர்சி) வெளியிட்ட ஐஆர்சி:82 என்ற வழிகாட்டியில் விரிசல், பள்ளம், ஜல்லி பெயர்வு, சக்கரத்தடப் பள்ளம், தாழ்ந்துபோன இடம் என்று பிரித்து மதிப்பிடும் முறை இருக்கிறது. அது பெரிதாகப் பட்டால் நல்லது, சுமார், மோசம் என்று மூன்றே வகை போதும். பதிவேட்டை ஒரே கையெழுத்தில், ஒரே அளவுகோலில் எழுதுவதுதான் முக்கியம். ஆளுக்கொரு கண் வைத்து மதிப்பிட்டால் அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

பட்டியல் கையில் வந்ததும் ‘சுமார்’ என்று குறித்த சாலைகளைத்தான் முதலில் பாருங்கள். மெல்லிய விரிசல் விட்டு, அடித்தளம் இன்னும் கெட்டியாக இருக்கும் சாலைகள் அவை. விரிசலை அடைத்து ஓரத்தைச் சீர்செய்து மெல்லிய மேல்பூச்சு ஒன்று கொடுத்தால் பல வருஷம் தாங்கும். விட்டுவிட்டால் விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடித்தளம் ஊறிவிடும். அதற்குப் பிறகு தோண்டி எடுத்துத்தான் போட வேண்டும், செலவு பல மடங்கு. ஆகவே மொத்தப் பணத்தையும் மோசமான சாலைகளில் கொட்டாதீர்கள். ஒரு பங்கை ‘சுமார்’ சாலைகளுக்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள், யார் கேட்டாலும் அதைத் தொட விடாதீர்கள்.

கேள்வி (வார்டு உறுப்பினர்): என்னண்ணே இது, என் வார்டுல மூணு தெரு குண்டும் குழியுமா கிடக்குது. அதை விட்டுட்டு நல்லா இருக்கிற ரோட்டுக்குச் செலவு பண்ணினா ஜனங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?

உங்கள் சங்கடம் நியாயமானது தம்பி. அந்த மூன்று தெருவையும் விடச் சொல்லவில்லை. அவற்றில் பள்ளங்களை உடனே மூடி வண்டி போகும்படி வைத்துக்கொண்டு, முழுசாகப் போடுவதை எந்த வருஷம், எந்த வரிசையில் என்று எழுதி மன்றத்தில் வையுங்கள். “உங்க தெரு ரெண்டாவது வருஷப் பட்டியல்ல ஆறாவதா இருக்கு, அதுக்கு முன்னாடி வடிகால் வேலை முடியணும்” என்று சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். எப்போது என்றே தெரியாமல் இருப்பதில்தான் அவர்களுக்குக் கோபம். பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்காக வரிசை மாறினாலும் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்படி ஒட்டிய ஊரில் வரிசையை மாற்றச் சொல்லி வரும் சிபாரிசு தானாகக் குறையும்.

கேள்வி (பணி ஆய்வாளர்): மழைக்காலத்தில் பள்ளத்தை மூடப் போடும் ஒட்டு ஒரே வாரத்தில் பெயர்ந்து வந்துவிடுகிறது, ஐயா. கலவை சரியில்லையா?

கலவையைவிடப் பள்ளத்தைத் தயார் செய்யும் விதத்தில்தான் தவறு இருக்கும். பள்ளத்துக்குள் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவதை எத்தனையோ இடத்தில் பார்க்கிறோம். பள்ளத்தைச் சுற்றி நல்ல தார் எங்கே தொடங்குகிறதோ அதுவரை சதுரமாக வெட்ட வேண்டும், பக்கச் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்வாக விட்டால் விளிம்பில் கலவை தோசை ஓரம் மாதிரி மெலிந்துவிடும், அங்கேதான் முதலில் பெயரும். உள்ளே இருக்கும் தளர்ந்த ஜல்லி, சேறு, தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடியிலும் பக்கச் சுவரிலும் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) பூச வேண்டும்.

இந்த எமல்ஷனைக் கொஞ்சம் கவனியுங்கள். தெளிக்கும்போது பழுப்பு நிறமாக, டிகாஷன் போட்ட காபி போல இருக்கும். தண்ணீர் பிரிந்து ஆவியாகும்போது கறுப்பாகும். கறுத்து, விரலில் ஒட்டும் பதத்துக்கு வந்த பிறகுதான் கலவை போட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே போட்டால் ஒட்டவே ஒட்டாது. ஊற்றித் தேங்க விட்டாலும் கெடுதல், மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு நகரும். பழைய தார்ப் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் போதும்.

ஆழம் அதிகமானால் இரண்டு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்குங்கள். முடித்த பிறகு சுற்றியுள்ள மட்டத்தைவிட ஒரு துளி உயரமாக இருக்கலாம், பள்ளமாக இருக்கக் கூடாது. தொடர்மழையில் சூடான கலவைக்கு வழியில்லை, அப்போது மூட்டையில் வரும் ஆயத்தக் குளிர்கலவையைப் பயன்படுத்துங்கள். விலை அதிகம்தான். ஆனால் ஒரே பள்ளத்தை நாலு தடவை மூடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே இடம் வருஷா வருஷம் பெயர்ந்தால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். குடிநீர்க் குழாய்க் கசிவாக இருக்கும், இல்லையென்றால் வடிகாலுக்குப் போகும் துவாரம் அடைத்திருக்கும்.

கேள்வி (குடியிருப்பவர்): ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் உயர்ந்துகொண்டே வருகிறது, எங்கள் வாசலில் மூன்று படி இருந்தது, இப்போது ஒன்றுதான் மிச்சம். மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர். இதற்கு விதி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே மறுபடி போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று துறைகளுக்கு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டில் மில்லிங், அதாவது இப்படிச் சுரண்டும் வேலை, இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டு முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பொறியாளர்களுக்கும் ஒன்று. ஒரே ஒரு தெருவுக்காக மில்லிங் இயந்திரத்தை வரவழைத்தால் கட்டுப்படியாகாது, ஒப்பந்ததாரர்கள் தயங்குவது அதனால்தான். பக்கத்துப் பக்கத்துத் தெருக்களைச் சேர்த்து ஒரே பணியாகக் கொடுங்கள். சுரண்டி வரும் பொருளை வீணாக்காமல் மண்சாலையை நிரவவும் சாலையோரங்களை உயர்த்தவும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கணக்கையும் பதிவு செய்யுங்கள்.

கூடவே குறுக்குச் சரிவையும் பாருங்கள். 5 மீட்டர் அகலச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதம் என்றால் ஆறு சென்டிமீட்டர் இறக்கம். நடுவிலிருந்து மட்டமாக ஒரு கயிற்றைப் பிடித்து ஓரத்தில் ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும்.

கேள்வி (இளநிலைப் பொறியாளர்): தார் 30 மில்லிமீட்டர் கனம் போட்டதாக எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) எழுதக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சாலையைத் துளைத்துக் கோர் (உருளைத் துண்டு) எடுக்கும் கருவி எங்களிடம் இல்லை. எப்படிச் சரிபார்ப்பது?

எடைச்சீட்டை வாங்குங்கள். 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்றால் 30 கன மீட்டர். இறுகிய தார்க்கலவை கன மீட்டருக்கு 2.3 முதல் 2.4 டன் வரை இருக்கும், ஆக 70 டன் அளவுக்கு வந்திருக்க வேண்டும். 15 டன் லோடு என்றால் ஐந்து வண்டிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றே வண்டி வந்திருந்தால் கனம் எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு ஆதாரம் கையிலேயே இருக்கிறது. சீட்டை அன்றன்றே, வண்டி எண்ணோடு, நேரத்தோடு வாங்குங்கள். கடைசியில் கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கும் சீட்டை நம்பாதீர்கள்.

வெப்பமானி ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். விஜி-30 என்ற தார் வகை என்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, உருளை வேலை 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் முடிய வேண்டும். தூரத்துக் கலவை ஆலையிலிருந்து தார்ப்பாய் மூடாமல் வரும் வண்டியைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். ஆறிய கலவையை எத்தனை தடவை உருட்டினாலும் இறுகாது. ஆரம்பத்தில் ஒருமுறை திருப்பி அனுப்புங்கள், அடுத்த வண்டி சூடாகவே வரும்.

கேள்வி: புது ரோடு போட்ட மறுமாதமே குழாய்க்காரர்களும் கேபிள்காரர்களும் வெட்டுகிறார்கள். இதற்கு முடிவே இல்லையா?

சாலை வேலைக்குப் பணி ஆணை கொடுப்பதற்கு முன்பே குடிநீர், பாதாளச் சாக்கடை, மின்வாரியம், தொலைத்தொடர்பு எல்லாருக்கும் தெருப் பட்டியலை அனுப்பி, “வெட்ட வேண்டியது இருந்தால் இப்போதே வெட்டுங்கள்” என்று தேதி குறித்துக் கேளுங்கள். தோண்டுகிறவர்கள் முன்கூட்டியே தெரிவிப்பதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியைக் கொண்டுவந்தது, அதையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். வீட்டு இணைப்புகள்தான் பெரிய தலைவலி. புதுச் சாலை வரும் தெருவில் இணைப்பு இல்லாத வீடுகளைக் கணக்கெடுத்து, சாலை போடும் முன்பே குழாயை வீட்டு எல்லை வரை இழுத்து மூடி வைத்துவிடுங்கள்.

வெட்டிய பள்ளத்தில் எடுத்த மண்ணையே தள்ளி மேலே கான்கிரீட் பூசுவது ஏமாற்று வேலை. கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும் ஆலைத் தூள்) அல்லது மணலை 15, 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக நனைத்து இறுக்கி நிரப்ப வேண்டும்.

கேள்வி (பேரூராட்சித் தலைவி): சந்துகளுக்கு சிமெண்ட் ரோடா, பேவர் பிளாக்கா, தாரா? எதைப் போடலாம் சார்?

வீட்டுக் கழிவுநீர் ஓடும் குறுகிய சந்துக்கு சிமெண்ட் நல்லதும்மா. தாருக்குத் தண்ணீர் பகை, சிமெண்டுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அடியில் குழாய் வேலை முழுசாக முடிந்திருக்க வேண்டும், வெட்டினால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. இரண்டரை முதல் நாலு மீட்டருக்கு ஒரு இணைப்பு வெட்டு, உரிய நேரத்தில் வெட்ட வேண்டும். தாமதித்தால் சாலை தன்னிஷ்டத்துக்கு விரிசல் விடும். இனி அடிக்கடி குழாய் மாற்ற வேண்டியிருக்கும் தெரு என்றால் பேவர் பிளாக் போடுங்கள், கழற்றி மறுபடி அடுக்கலாம். இருசக்கர வண்டி மட்டும் போனால் 60 மில்லிமீட்டர், கார், சிறு லாரி போனால் 80. இரண்டு ஓரத்திலும் விளிம்புக் கல் இல்லாமல் போடவே போடாதீர்கள், ஒரு வருஷத்தில் கற்கள் விலகிவிடும். பேருந்தும் லாரியும் போகும் சாலைக்குத் தார்தான்.

கேள்வி: பிளாஸ்டிக் ரோடு உண்மையிலேயே நல்லதா?

முறையாகப் போட்டால் நல்லது. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது. 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். இதற்கென்றே ஐஆர்சி:எஸ்பி:98 என்ற வழிகாட்டி 2013-இல் வந்தது. துருவிய பிளாஸ்டிக் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படர வேண்டும், அதன் பிறகு தார் சேர வேண்டும். பிவிசி கலக்கக் கூடாது. அழுக்கு மூட்டையை அப்படியே கொட்டுவதற்குப் பெயர் பிளாஸ்டிக் ரோடு இல்லை.

கேள்வி: எங்கள் தெருவில் ஸ்பீடு பிரேக்கர் கேட்கிறோம், நகராட்சி தர மறுக்கிறது.

மறுப்பது சில இடங்களில் சரிதான். ஐஆர்சி:99 சொல்லும் வளைவு மேடு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி மெதுவாக ஏறி இறங்கும். ஒரு முழ அகலத்தில் செங்குத்தாகக் கட்டும் மேடு முதுகை உடைக்கும், ஆம்புலன்ஸைத் தடுக்கும், அதற்கு முன்னால் தண்ணீரும் தேங்கும். அளவும் இடமும் குறித்து மனு கொடுங்கள்.

கேள்வி: தண்ணீர் லாரி ஓடியே எங்கள் தெரு நாசமாகிவிட்டது. ஒரு லாரியால் இவ்வளவு ஆகுமா?

ஆகும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் (ஏஏஎஸ்ஹெச்ஓ) நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்கு இது: அச்சுச் சுமை இரட்டிப்பானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. கார்கள் எத்தனை போனாலும் தெரு தாங்கும், அளவுக்கு மீறி ஏற்றிய லாரி சில மாதத்தில் முடித்துவிடும். நிரப்பு நிலையத்திலிருந்து லாரி போகும் வழியை ஒரே சாலைக்கு மாற்றி, அந்த ஒரு சாலையைக் கனமாகப் போடுவதுதான் வழி.

கேள்வி (முதலில் கேட்ட பொறியாளர் மறுபடியும்): எந்த மாதம் எந்த வேலை என்று சொல்லுங்கள் சார்.

வடகிழக்குப் பருவமழை ஊர்களுக்குச் சொல்கிறேன், தென்மேற்கு மழை பிடிக்கும் கன்னியாகுமரி, தென்காசி, நீலகிரிப் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். பொங்கல் முடிந்ததும் கணக்கெடுப்பு. பிப்ரவரி, மார்ச்சில் மதிப்பீடும் ஒப்புதலும். ஏப்ரலில் ஒப்பந்தப்புள்ளி, தேர்தல் வருஷமாக இருந்தால் நடத்தை விதி வருமுன் முடித்துவிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை தார் வேலை, செப்டம்பரில் புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம், வடிகால் தூர்வாரலும் விரிசல் அடைப்பும் மட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒட்டுப்பணி. அந்த மூன்று மாதத்தில் மழை கொட்டும்போதே குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். தண்ணீர் எந்த வீட்டு முன்னால் நிற்கிறது, எந்தத் துவாரத்தில் இறங்காமல் தாண்டி ஓடுகிறது என்பது வெயில் நாளில் தெரியாது. போனில் படம் எடுத்துத் தெருப் பெயரோடு சேமித்து வையுங்கள், பிப்ரவரியில் மதிப்பீடு எழுதும்போது வடிகால் வேலை எங்கே வேண்டும் என்பதற்கு அந்தப் படங்களையே கோப்பில் வைக்கலாம்.